நாலு நிமிஷ வெள்ளை

"அவ கண்ணுக்கு ஒண்ணும் இல்ல மாப்ள, நான் சொல்றேன்ல..."

"மாமா, நான் கண்ணுன்னா சொன்னேன், நம்பர் அப்படிச் சொல்லுதுன்னு..."

"நம்பருக்கு என்னடா தெரியும்? இருபத்திரண்டு வருஷமா அந்த விளக்கு முன்னாடி..."

"அதையேதான் நானும் சொல்றேன். இருபத்திரண்டு வருஷம்! கண்ணு என்ன இரும்பா?"

"இரும்பு தேயறதைப் பத்தி எனக்கே பாடம் நடத்துறியா? நான் ஃபிட்டர்!"

"கத்தாதீங்க மாமா."

"நான் எங்க கத்துறேன்?"

ஃபிட்டர் கத்திக்கொண்டுதான் இருந்தார். அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த தட்டுகள்கூட லேசாக நடுங்கின. மூன்று டம்ளர் டீயோடு சமையலறையிலிருந்து வந்த அக்கா, இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"யார் கண்ணைப் பத்திப் பேசுறீங்களோ அவ இங்கதான் நிக்கிறா. உங்க ரெண்டு பேர் கண்ணுக்கும் தெரியலையா?"

இரண்டு பேரும் டீயை வாங்கிக்கொண்டார்கள். சண்டை தற்காலிகமாக டம்ளருக்குள் இறங்கியது.

தம்பி இந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அக்காவும் அவள் கணவர் ஃபிட்டரும் பாதி வாழ்க்கையைக் கழித்த அதே பாட்டில் தொழிற்சாலைக்கு, உற்பத்தி மேலாளராக மாற்றலாகி வந்தான். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு மடிக்கணினி. "வாடகைக்கு வீடு கிடைக்கிற வரைக்கும்" என்றான். பிறகு யாரும் வீடு தேடவில்லை.

வந்த மூன்றாவது வாரம் தொழிற்சாலை நடுக்கூடத்தில் ஒரு பெரிய திரையை மாட்டினான். எந்த மெஷின் எத்தனை நிமிஷம் நின்றது, எந்தப் பிரிவில் எத்தனை பாட்டில் கழிந்தது, எல்லாம் அதில் வரும். நன்றாக இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு. மணிக்கு ஒரு தடவை மாறும். ஆட்கள் அவனுக்குப் 'பச்சை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலும் விளையாட்டாக ஒரு அட்டவணை ஒட்டியிருந்தான். அதில் 'குப்பை வெளியே வைத்தல்' என்ற வரிசையில் ஃபிட்டருக்கு ஒரு மாதமாகச் சிவப்பு.

அது சிரிப்பாகத்தான் இருந்தது. கடந்த ஆறு நாளாகத்தான் சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, நீ தப்பா எடுத்துக்காதே" என்றான் தம்பி. "இன்னைக்குப் பதினொண்ணரைக்குத் தலைமை ஆபீஸ்லேர்ந்து மேடம் வர்றாங்க. நம்ம போர்டு பிடிச்சுப் போச்சுன்னா மத்த எல்லா ஃபேக்டரிக்கும் இதையே போடுவாங்க. மெஷின் வரிசை பூராப் பச்சை. உன் ஒரு கட்டம் மட்டும் ஆறு நாளாச் சிவப்பு. கழிவு ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. நல்ல பாட்டிலைத் தூக்கிப் போடுறியோன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"என்ன சொல்லப் போற?"

"காலையில முதல்ல கண்ணு டெஸ்ட். அப்புறம் கொஞ்ச நாளைக்கு அட்டைப் பெட்டி மடிக்கிற பக்கம்..."

"என்னை எழுப்பிடப் போறியா?"

"எழுப்புறது இல்லக்கா. மாத்துறது."

ஃபிட்டர் மறுபடி வாயைத் திறந்தார். அக்கா கை காட்டி அடக்கினாள். அவர் இவ்வளவு சத்தமாக அவளுக்காகப் பேசி எத்தனையோ காலமாகிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் தனக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பேச முடியாத ஒன்று அவளிடம் இருந்தது.

ஆறு நாளாக, விரிசல் பாட்டிலைப் பொறுக்கியெடுக்கும் விளக்கின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று பாட்டில்கள் மறைந்துபோகின்றன. முன்னால் நகரும் பட்டை இருக்கிறது. பின்னால் ஆள் உயரப் பால்வெள்ளைக் கண்ணாடியில் விளக்கு எரிகிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. வெள்ளை மட்டும். அந்த வெள்ளையில் அவள் எங்கோ போய்விடுவாள். ஒரு மொட்டைமாடி. முடிவில்லாமல் காயும் வெள்ளைத் துணிகள். துணிகளுக்கு நடுவே அவள் நடப்பாள். ஒவ்வொரு துணிக்கும் அந்தப் பக்கம் யாரோ கூடவே நடப்பது போல நிழல் அசையும். கூப்பிட வாயெடுக்கும்போது பாட்டில்கள் மறுபடி வந்துவிடும்.

முதல் நாள் எழுந்து போய் நடுக்கூடத்துப் போர்டைப் பார்த்தாள். 'மெஷின் நிறுத்தம்: பூஜ்யம்' என்று பச்சையில் எழுதியிருந்தது. மெஷின் நிற்கவில்லை. அப்படியானால் பாட்டில் வந்திருக்கிறது. வந்த பாட்டிலைத் தான் பார்க்கவில்லை.

நான் தூங்கிவிடுகிறேன், கண்ணைத் திறந்துகொண்டே. அக்கா அப்படித்தான் முடிவுக்கு வந்தாள். ஐம்பத்துமூன்று வயதில் மனசு இப்படி நழுவ ஆரம்பித்தால் அதற்குப் பெயர் என்ன என்று யாரிடமும் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

தம்பி காரில் முன்னால் போய்விட்டான். அக்காவும் ஃபிட்டரும் எப்போதும் போல நடந்தார்கள். வெயில் இன்னும் சுவர் உச்சியிலேயே இருந்தது. ஃபிட்டர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் கடிகாரம் பார்த்துக்கொண்டே வந்தார்.

"யார் வர்றதா இருக்கு?"

"என்ன?"

"கடிகாரத்தை இப்படிப் பார்க்கிறீங்களே."

"ஒண்ணுமில்ல. பழக்கம்."

எப்போதிலிருந்து என்று அவள் கேட்கவில்லை.

முதலுதவி அறையில் நர்ஸ் எழுத்துப் பலகையைக் காட்டினாள். அக்கா கடைசி வரி வரைக்கும் படித்தாள். அதற்கும் கீழே, பலகையை அச்சடித்த அச்சகத்தின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் படித்தாள்.

"அம்மாடி! இந்தக் கண்ணை எனக்குக் குடுத்துட்டு என் கண்ணாடியை நீங்க போட்டுக்கங்க" என்று நர்ஸ் சிரித்தாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் கோளாறு அதற்கும் உள்ளே, எந்தப் பலகையும் எட்டாத இடத்தில்.

விளக்கு முன்னால் போய் உட்கார்ந்ததும் பயம் கொஞ்சம் தணிந்தது. எப்போதும் தணியும். இருமல் மருந்து ஊற்றும் பழுப்பு பாட்டில்கள், உள்ளங்கைக்குள் அடங்குகிற உயரம். வெளிச்சத்துக்கு முன்னால் வந்ததும் ஒவ்வொன்றும் ஒரு கணம் தேன் நிறமாகும். கழுத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் அங்கே ஒரு வெள்ளிக் கோடு கண் சிமிட்டும். சிமிட்டினால் விரல் தானாகப் போய் எடுத்துவிடும். மூளையைக் கேட்காது. இந்த வேலையில் அவளுக்குப் பிடித்ததே அதுதான். கண்ணும் விரலும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், அவள் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

இந்த நாற்காலியிலிருந்து எழுந்தால் அவள் யார் என்று அவளுக்கே தெரியாது.

பத்து ஐம்பதுக்கு வெள்ளை வந்தது.

கடைசிப் பாட்டில் தாண்டிப் போயிற்று. பட்டை வெறுமனே ஓடியது. வெளிச்சம் மெல்லப் பெருகி அவள் முகத்தின் மேல் வந்து நின்றது. முதல் துணி காற்றில் புடைத்தது.

"அப்பாடா!" என்றது ஒரு குரல், துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். குருவிதான். பட்டையின் கோடியில் பெட்டியில் அடுக்குகிற பெண். வாய் மூடாது என்பதால் வந்த பெயர். தண்ணீர் பாட்டிலை அண்ணாந்து கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி அப்பாடா?"

"பாட்டில் நின்னுடுச்சே! இந்த நாலு நிமிஷம் இல்லேன்னா தண்ணி குடிக்கவே நேரம் இருக்காதுக்கா. நேத்து இதுல எங்க மாமியாருக்கு ஒரு போனும் போட்டேன்."

அக்காவின் கை பட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"உனக்கும் தெரியுதா?"

"என்ன தெரியுதா? பாட்டில் இல்லேன்னா இல்லேன்னுதான் தெரியும். நான் என்ன குருடா?"

"நான்... தூங்கிப் போயிடுறேன்னு நினைச்சேன்."

"நீயா! மூக்கு மேல ஈ உட்கார்ந்தாலும் கண்ணை எடுக்காத ஆளு!"

"போர்டுல மெஷின் நிக்கலைன்னு போட்டிருக்கேடி."

"போர்டுல போட்டா?" குருவி உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "இதோ வெறும் பட்டை ஓடுதே, அதுக்கு என்ன சொல்றே?"

பாட்டில்கள் வந்தன. முதல் பாட்டிலின் கழுத்திலேயே வெள்ளிக் கோடு. இரண்டாவதிலும். மூன்றாவதிலும். விரல்கள் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தன. வெள்ளைக்குப் பின்னால் எப்போதும் விரிசல். ஆறு நாளும் இப்படித்தான் வந்திருக்கிறது. தன் மேலேயே சந்தேகத்தோடு உட்கார்ந்திருந்தவளுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

"குருவி, கொஞ்சம் என் இடத்துல உட்காரு. சந்தேகமா இருக்கிற எதையும் விடாதே."

சுடச்சுடப் பிறக்கும் பாட்டில் ஒரேயடியாகக் குளிர்ந்தால் தெறித்துவிடும். அதனால் மெஷினிலிருந்து விளக்கு வரைக்கும் ஒரு நீண்ட அடுப்புக்குள் மெதுவாக ஆறிக்கொண்டே ஊர்ந்து வரும். ஆட்கள் அதைச் சுரங்கம் என்பார்கள். பாட்டிலுக்கு நாற்பது நிமிஷப் பயணம். அக்கா அதன் ஓரமாக எதிர்த்திசையில் ஒன்றரை நிமிஷத்தில் நடந்தாள். அவள் விளக்கில் பார்ப்பதெல்லாம் நாற்பது நிமிஷம் பழையது. நடக்க நடக்கச் சூடு ஏறியது. இனிமேல் வரப்போகிறதை நோக்கி நடப்பது போலிருந்தது.

மெஷின் கூடத்தில் ஒரு மெஷின் மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் குனிந்து, ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் கடிகாரமுமாக, அவள் கணவர்.

"மூணு நிமிஷம் அம்பது செகண்ட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார். கைப்பிடியைத் தள்ளினார். மெஷின் ஓடத் தொடங்கியது. நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார்.

"நீ இங்க என்ன பண்றே?"

"நீங்க என்ன பண்றீங்க?"

"கத்தரி ஒரு பக்கமா இழுக்குது. உருகின கண்ணாடியை நேரா வெட்ட மாட்டேங்குது. கழட்டி மாட்டணும்னா இருபது நிமிஷம் வேணும்."

"மாட்டுங்களேன்."

"அஞ்சு நிமிஷம் தாண்டினா போர்டு சிவப்பு!" அவர் குரலில் சுருதி இறங்கியது. "ஒன்பது நாள் சிவப்புல கிடந்தேன். கேன்டீன்ல என் தட்டுல தக்காளியை வெச்சு வெச்சுச் சிரிச்சானுங்க. அப்புறம்தான் கவனிச்சேன், அஞ்சுக்குக் கீழ நின்னா அது எண்ணவே இல்ல. நிறுத்துறதை நாலு நாலு நிமிஷமா நறுக்கிக்கிட்டேன். மத்த ரெண்டு ஷிஃப்டும் என்னைப் பார்த்து அதையே பிடிச்சுக்கிட்டாங்க. உன் தம்பிக்கும் பச்சை, எனக்கும் பச்சை."

"நின்னு கிளம்பினா அச்சு ஆறியிருக்கும், முதல் பாட்டில்கள்ல விரிசல் விழும். அதையெல்லாம் கழிவுக் குழியில தள்ளணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நிக்கவே இல்லேன்னு சொல்ற மெஷின் எதுக்குக் குழியில தள்ளணும்? கேப்பாங்கல்ல?" அவர் கந்தல் துணியில் கையைத் துடைத்தார். "உன் கண்ணைத் தாண்டி ஒண்ணும் போகாதுன்னு ஒரு தைரியம்."

"போகலைதான். அந்தத் தைரியத்துக்குத்தான் எனக்குச் சிவப்பு."

அவர் பதில் சொல்லவில்லை.

"அப்ப காலையில எனக்காகக் கத்தினது?"

"நிஜமாத்தான் கத்தினேன்."

"அதான் அவ்வளவு சத்தமா?"

உருகிய கண்ணாடி சொட்டுச் சொட்டாக அச்சுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் அவர் முகத்தை ஆரஞ்சாக்கிவிட்டுப் போனது.

"ஆறு நாளா எனக்குப் புத்தி கலங்கிப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் அக்கா. "பாட்டில் இல்ல, வெறும் வெள்ளையாத் தெரியுது. போர்டோ மெஷின் ஓடுதுங்குது. பக்கத்துல படுத்திருக்கிறவர்கிட்ட சொல்லக்கூடப் பயம்."

ஸ்பேனர் அவர் கையில் அப்படியே நின்றது.

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

"தெரியாதுதான்."

"மாப்ளகிட்ட சொல்லிடப் போறியா?"

அக்கா திரும்பி நடந்தாள். சொல்லப்போகிறாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்னால் நாற்காலி மிஞ்சும். ஃபிட்டர் மிஞ்சுவாரா? தம்பி மிஞ்சுவானா?

மேடம் சரியாகப் பதினொன்றரைக்கு வந்துவிட்டார். குள்ளமான உருவம், தேய்ந்த செருப்பு, கையில் ஒரு சின்ன நோட்டு. அதிகம் பேசவில்லை. பேசியதெல்லாம் தம்பிதான்.

"இதுதான் அந்த ஒரு சிவப்பு மேடம். மத்த ரெண்டு ஷிஃப்ட்லயும் இதே விளக்கு, இதே பாட்டில். அங்க பச்சை. இங்க மட்டும் கழிவு ஜாஸ்தி. அதனால ஆளை மாத்துறோம். இவங்க எங்க பரிசோதகர்."

இவங்க. அக்கா அந்தச் சொல்லை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று மேடம் அவளிடம் நேராகக் கேட்டார்.

தம்பியின் நெற்றியில் வியர்வை. காலையில் அவசரத்தில் தலைகூடச் சரியாக வாரவில்லை. அக்காவின் தொண்டையில் மூன்று வாக்கியங்கள் நின்றன. மூன்றிலும் ஃபிட்டர் இருந்தார். அவள் மூன்றையும் விட்டுவிட்டாள்.

"எனக்குச் சொல்லத் தெரியாதும்மா. பார்க்கத்தான் தெரியும். கொஞ்ச நேரம் இங்க உட்கார்ந்து பாருங்களேன்."

எழுந்து நாற்காலியைக் காட்டினாள்.

"அக்... இல்ல, மேடத்துக்கு நேரம் இருக்காது" என்றான் தம்பி.

"எனக்கு அவசரமில்லை" என்று மேடம் உட்கார்ந்தார்.

பழுப்பு பாட்டில்கள் தேன் நிறமாகி நகர்ந்தன. மேடத்தின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. இந்த வெளிச்சம் யாரையும் விடாது. பிறகு கடைசிப் பாட்டில் போனது. வெள்ளை வந்தது.

"என்ன ஆச்சு?"

"நாற்பது நிமிஷத்துக்கு முன்னால மெஷின் நின்னுச்சும்மா. அது இப்பதான் சுரங்கத்தைத் தாண்டி வருது."

"போர்டுல நிறுத்தம் பூஜ்யம்னு பார்த்தேனே."

தம்பி தொண்டையைச் செருமினான். "அஞ்சு நிமிஷத்துக்குக் கீழ இருந்தா எண்ணுறதில்ல மேடம்."

"அந்த அஞ்சை யார் வெச்சது?"

"நான்தான். சின்னச் சின்ன நிறுத்தத்துக்கெல்லாம் ஆட்களைக் குடையக் கூடாதுன்னு..." அவன் குரல் தேய்ந்தது. நல்ல மனசோடுதான் வைத்திருந்தான். அது அவன் முகத்திலேயே தெரிந்தது.

நாலு நிமிஷம் முடிந்து பாட்டில்கள் வந்தன. அக்கா மேடத்தின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஒன்றொன்றாக எடுத்து வரிசையாக நிறுத்தினாள். பதினேழு பாட்டில், பதினேழு வெள்ளிக் கோடு. தம்பி ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். திருப்பிக்கொண்டே இருந்தான்.

"நல்ல பாட்டிலையா தூக்கிப் போட்டாங்க?" என்று மேடம் கேட்டார். அவன் தலையை மட்டும் அசைத்தான்.

சற்று நேரத்தில் மறுபடி வெள்ளை.

நாலு நிமிஷம் ஆயிற்று. பாட்டில் வரவில்லை. ஐந்து. குருவி தண்ணீர் குடித்து முடித்துவிட்டு வாயைத் திறந்தபடி பார்த்தாள். ஒன்பது. தம்பி பட்டையையும் தன் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பன்னிரண்டு.

அக்காவுக்கு மட்டும் புரிந்தது. அவள் திரும்பி நடந்த பிறகு, மெஷின் கூடத்தில் ஒரு மனுஷர் கடிகாரத்தைக் கழற்றி வைத்திருக்கிறார். அவர் சொல்லாத பதில் சுரங்கத்துக்குள் நாற்பது நிமிஷம் ஊர்ந்து, இப்போது அவள் முன்னால் வெறும் வெளிச்சமாக ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவள் எங்கேயும் போகவில்லை. நின்று, முழுசாக, கண் இமைக்காமல் பார்த்தாள்.

மணி பன்னிரண்டு. நடுக்கூடத்துத் திரை ஒரு தரம் மங்கிப் பிரகாசித்தது. ஃபிட்டரின் மெஷினுக்கு நேராகச் சிவப்பு. இருபத்துமூன்று நிமிஷம்.

சுரங்கத்தின் ஓரமாக அவர் நடந்து வந்தார். முழங்கை வரைக்கும் எண்ணெய். மேடத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். அதில் மரியாதையைவிட எண்ணெய்தான் ஜாஸ்தி.

"கத்தரியை முழுசாக் கழட்டி மாட்டியாச்சு. முதல் பாட்டிலையெல்லாம் குழியில தள்ளியாச்சு. இத்தனை நாள் நாலு நாலு நிமிஷமா நிறுத்தினது நான்தான் மாப்ள. அவ இல்ல."

மேடம் நோட்டில் ஏதோ எழுதினார். தம்பி கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தான். தொழிற்சாலைக்குள் நுழைந்த இந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, எல்லோர் காதிலும் விழும்படி, அந்த வார்த்தையைச் சொன்னான்.

"அக்கா, உன்னை இந்த இடத்துலேர்ந்து யாரும் எழுப்ப மாட்டாங்க."

அக்கா அவனைப் பார்க்கவில்லை. வரிசையாக நிற்கும் பதினேழு பாட்டிலையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் இடம் கிடக்கட்டும்டா. மத்த ரெண்டு ஷிஃப்டும் இதே மாதிரி நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டியிருக்காங்க, அங்க விளக்குல பிடிச்ச விரிசல் கணக்கு மட்டும் ஏறவே இல்ல... அப்ப அந்தப் பாட்டில் எல்லாம் இப்ப யார் வீட்ல இருக்கு?"